மண்ணைப் பயின்றவர்: நம்மாழ்வாரின் ஆய்வு வாழ்வும் புதுக்கோட்டைச் செம்மண்ணும்

தமிழிலக்கியம் உழவரைப் போற்றியது போலவே மண்ணையும் ஆராய்ந்து நோக்கியுள்ளது. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறட்பாக்கள் இதற்குச் சான்று. ஒரு பலம் அளவான புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் இன்றிப் பயிர் செழிக்கும் என்கிறது முன்னது. உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று. களை கட்டிய பின் நீர் பாய்ச்சுவதைக் காட்டிலும் காத்தல் நன்று என்கிறது பின்னது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்விரண்டும் முரணாகத் தோன்றலாம். எரு வேண்டா என்றவரே எருவிடுக என்பது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு மண்ணியல் விடை தருகின்றது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணாய்வு செய்த பிர்ச் என்பார் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நன்கு உலர்ந்த மண் மீண்டும் நனையும்போது அதிலுள்ள மட்கு விரைந்து சிதைந்து, பயிருக்கு வேண்டிய தழைச்சத்து மிகுதியாக வெளிப்படுகிறது என்று காட்டினார். கோடையுழவின் பயன் இதுவே. ஆயின் இப்பயன் மண்ணில் முன்னரே சேர்ந்திருக்கும் மட்கைச் செலவிட்டுப் பெறுவது. செலவிட்டதை ஈடு செய்யாவிடின் சில ஆண்டுகளில் கையிருப்புத் தீரும். ஆகவே முதற்குறள் வரவைக் கூறுகிறது. அடுத்த குறள் அவ்வரவு வற்றாதிருக்க வழி கூறுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை.

இருபதாம் நூற்றாண்டின் வேளாண்மை, இவ்விரண்டில் ஒன்றை மட்டும் படித்து மற்றொன்றை மறந்தது என்னும் குற்றச்சாட்டைத் தமிழகமெங்கும் நடந்து சென்று உரைத்தவர் கோ. நம்மாழ்வார். அவரை இயற்கை வேளாண் பரப்புரையாளராகவே பலரும் அறிவர். அரசு ஆய்வு நிலையத்தில் பயிர்களுக்கு உர அளவு வகுத்துச் சோதனை நடத்திய அறிவியலாளராக அவர் தம் வாழ்வைத் தொடங்கினார் என்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை. அந்தத் தொடக்கத்தையும், புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் நிலத்தில் அது பெற்ற திருப்பத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வு மரபின் பின்புலம்

சென்னை மாகாணத்தில் முறையான வேளாண் கல்வி சைதாப்பேட்டையில் தொடங்கியது. 1906ஆம் ஆண்டில் அது கோயம்புத்தூருக்கு இடம் பெயர்ந்தது. அங்கு 1909ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நிலையான எருச் சோதனை இந்தியாவின் மிகப் பழைய மண்வளச் சோதனைகளுள் ஒன்று. ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒன்றிற்கு எதுவும் இடாமலும், சிலவற்றிற்குத் தழை, மணி, சாம்பல் சத்துகளுள் ஒன்றையோ பலவற்றையோ இட்டும், மற்றொன்றிற்குத் தொழுவுரம் மட்டும் இட்டும் ஆண்டுதோறும் பயிரிட்டு வந்தனர். ஓராண்டில் தெரியாத உண்மைகள் பல பத்தாண்டுகளில் தெரிந்தன. தொழுவுரம் பெற்ற பாத்தியில் கரிமப்பொருள் நிலைத்தது. ஒரேயொரு சத்தை மட்டும் இடைவிடாது பெற்ற பாத்தி தளர்ந்தது.

கோயம்புத்தூர் வேதியியலாளர் விசுவநாத்தும், குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய மருத்துவர் மக்காரிசனும் 1926ஆம் ஆண்டு இணைந்து வெளியிட்ட ஆய்வு, மண்ணுக்கு இடும் எருவிற்கும் தானியத்தின் ஊட்டத்திற்கும் உள்ள உறவை ஆராய்ந்தது. மாட்டெரு இட்டு விளைந்த தானியம் ஊட்டத்தில் மேம்பட்டிருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதே காலத்தில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய அறிவியலாளர் மட்கு உரம் செய்யும் முறையை வகுத்துக் கொண்டிருந்தார். 1905ஆம் ஆண்டில் ஆசானாக இந்தியாவிற்கு வந்த அவர், இந்திய உழவர்களைத் தம் ஆசிரியர்களாக ஏற்றவர். ஆக, இரசாயன உரத்தை வினவும் மரபு ஆய்வுக் கூடத்திற்கு வெளியிலிருந்து வந்ததன்று. அதன் உள்ளேயே பிறந்தது. நம்மாழ்வாரைப் புரிந்துகொள்ள இந்த உண்மை இன்றியமையாதது.

கோவில்பட்டிக் கரிசல்

தஞ்சை மாவட்டம் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள இளங்காடு என்னும் ஊரில் 1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நம்மாழ்வார் பிறந்தார். காவிரிப் பாசனத்து ஊர் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று பட்டம் பெற்ற அவர், 1963ஆம் ஆண்டில் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியேற்றார்.

1901ஆம் ஆண்டில் பருத்தி ஆய்விற்காகத் தோன்றிய பழமையான நிலையம் அது. கருங்கண்ணிப் பருத்தியிலும் சோளத்திலும் அந்நிலையம் தெரிந்து வெளியிட்ட இரகங்கள் தென்மாவட்டங்களில் பரவின. கரிசல் மண் கோடையில் ஆளின் கால் நுழையும் அளவிற்கு வெடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் உப்பி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பின்னரும் பயிரைத் தாங்கும். மழை தவறினால் உழவனுக்கு வேறு புகலிடம் இல்லை.

இத்தகைய நிலத்தில் நம்மாழ்வாருக்கு வாய்த்த பணி, பருத்தியிலும் சிறுதானியங்களிலும் செடிக்குச் செடி விடவேண்டிய இடைவெளியையும், இரசாயன உரத்தின் பல்வேறு அளவுகளையும் சோதித்தறிவது. காலச் சூழலையும் ஈண்டுக் கருத வேண்டும். நாடு உணவுப் பற்றாக்குறையில் தவித்த ஆண்டுகள் அவை. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் நெல் தஞ்சையில் பரவியது. 1966ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வு நிலையம் ஐ.ஆர்.8 நெல்லை வெளியிட்டது. குட்டையாக வளர்ந்து, மிகுந்த உரத்தை ஏற்றுச் சாயாமல் நின்று, கதிர் மிகத் தரும் பயிர்களே எதிர்காலம் என்று அறிஞர் பலர் நம்பினர். பசித்த நாட்டில் அந்த நம்பிக்கைக்கு நியாயம் இருந்தது.

ஆனால் ஆற்றுப் பாசனத்து வயலுக்குப் பொருந்துவது மானாவாரிப் புன்செய்க்குப் பொருந்துமா என்பது நம்மாழ்வாரின் ஐயம். ஆய்வு நிலையத்தில் உயர்விளைச்சல் விதை, உரம், பூச்சிக்கொல்லி ஆகியன அரசுச் செலவில் கிடைத்தன. வேலிக்கு வெளியே இருந்த உழவன் இவை அனைத்தையும் கடன் பட்டு வாங்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் நிலையத்தின் சோதனை ஒன்று தோற்றது என்று ஏட்டில் எழுதலாம். உழவனின் கடனோ ஏட்டில் எழுதி முடிக்கத் தக்கதன்று. பொருள் வசதியற்ற மானாவாரி உழவனுக்கு விலையுயர்ந்த இடுபொருள்களைப் பரிந்துரைக்கும் ஆய்வு பயனற்றது, ஆய்வின் திசையையே மாற்றவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். உடன் பணியாற்றியோர் அதற்குச் செவி சாய்க்கவில்லை. 1969ஆம் ஆண்டில் அவர் பணியைத் துறந்தார்.

அரசுப் பணியைத் துறப்பது அக்காலத்தில் எளிய செயலன்று. அவர் துறந்தது ஆய்வையா, ஆய்வு நிலையத்தையா என்பதே பின்னர் எழும் வினா. பின் வந்த நாற்பது ஆண்டுகளைக் காண்போர், நிலையத்தை மட்டுமே அவர் துறந்தார் என்ற முடிவிற்கு வருவர்.

களக்காட்டில் கற்ற பாடம்

1958ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பெல்ஜிய நாட்டுத் துறவி தொமினிக் பீர் தோற்றுவித்த அமைதித் தீவு என்னும் தொண்டு நிறுவனம், திருநெல்வேலி மாவட்டம் களக்காடு வட்டாரத்தில் ஊரக மேம்பாட்டுப் பணியைத் தொடங்கியிருந்தது. நம்மாழ்வார் அங்குப் பயிரியல் வல்லுநராகச் சேர்ந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணிபுரிந்தார். ஆய்வு நிலையத்தில் கிட்டாத உழவர் தொடர்பு இங்கு நாள்தோறும் கிட்டியது.

அங்கும் முதலில் பரப்பப்பட்டவை புதிய முறைகளே. விளைச்சல் உயர்ந்தபோதும், உழவனின் கையில் மிஞ்சுவது அதற்கேற்ப உயரவில்லை என்பதை நம்மாழ்வார் கண்டார். உரத்திற்கும் மருந்திற்கும் விதைக்கும் கொடுத்த பணம் ஊரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. பண்ணைக்கு வேண்டியவை இயன்ற வரை பண்ணையிலிருந்தே கிடைக்கவேண்டும் என்ற அவருடைய பிற்கால அடிப்படைக் கொள்கை களக்காட்டில் உருவானது. அது கொள்கைப் பற்றினால் பிறந்ததன்று. வரவு செலவுக் கணக்கினால் பிறந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரைரேயின் சிந்தனைகளும் வினோபா பாவேயின் சிந்தனைகளும் அவரை ஈர்த்தன. கற்பிப்பவன் நிரப்புபவன், கற்பவன் வெற்றுக்கலம் என்னும் எண்ணத்தை மறுத்தவர் பிரைரே. வேளாண் விரிவாக்கப் பணியும் அதே பிழையைச் செய்கிறது என்று நம்மாழ்வாருக்குத் தோன்றியது. நிலையத்தில் கண்டறிந்ததை உழவனிடம் கொண்டு சேர்ப்பதே விரிவாக்கம் என்றால், உழவன் கண்டறிந்தது நிலையத்திற்குச் செல்லும் வழி எது? குடும்பம் என்னும் அமைப்பு தோன்றியது இவ்வெண்ணத்தின் பின்னணியிலேயே. ஆரோவில்லில் நிலத்தைச் சீர்திருத்தி வந்த பெல்ஜிய நாட்டவரான பெர்னார் தெக்லெர்க்கின் தொடர்பும், எண்பதுகளின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் பெற்ற சூழலியல் வேளாண் பயிற்சியும் அவர் கருத்துகளுக்கு அறிவியல் வடிவம் தந்தன. புற இடுபொருள்களைக் குறைத்து நீடித்த வேளாண்மையை வளர்க்கும் வலையமைப்பு ஒன்று 1990ஆம் ஆண்டை ஒட்டித் தமிழகத்தில் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

புதுக்கோட்டை மண்

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் தனியரசாக இருந்து 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதிக்குக் கல்லணைக் கால்வாயின் கடைமடை நீர் எட்டுகிறது. ஆலங்குடிப் பக்கம் பலாவும் பூவும் தென்னையும் செழிக்கின்றன. வடமேற்கில் குளத்தூர், கீரனூர், குன்றாண்டார்கோயில் பகுதிகளோ வானம் பார்த்தவை. ஆங்காங்கே பாறை தலைகாட்டும் செம்மண்ணும் சரளையும் அங்குள்ள நிலத்தின் இயல்பு.

செம்மண்ணின் இயல்பு கரிசலுக்கு நேர்மாறானது. கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். செம்மண் விரைவில் விட்டுவிடும். மட்கும் தழைச்சத்தும் அதில் குறைவு. மழைத்துளியின் அடி விழுந்தால் மேற்பரப்பு இறுகிப் பொருக்குத் தட்டும். பொருக்குத் தட்டிய நிலத்தில் நீர் உள்ளிறங்காமல் ஓடும். ஓடுகையில் மேல்மண்ணையும் வாரிச் செல்லும். மேல்மண் போனபின் எஞ்சுவது சரளையே. இதனை நன்கறிந்த முன்னோர் ஓடும் நீரை நிறுத்த ஆயிரக்கணக்கான ஏரிகளையும் கண்மாய்களையும் குளங்களையும் இம்மாவட்டத்தில் வெட்டினர். ஏரிகளின் உள்ளே நிற்கும் குமிழித் தூம்புக் கற்களில் அவற்றை அமைத்தோர் பெயரைக் கூறும் கல்வெட்டுகள் இன்றும் கிடைத்து வருகின்றன. ஏரியில் படிந்த வண்டலைக் கோடையில் வயலுக்கு அடித்தல், ஓடிய மண்ணை மீண்டும் நிலத்திற்கு ஏற்றும் செயல். ஏரி நீர்த்தேக்கம் மட்டுமன்று, மண்வளத்தின் சேமிப்பிடமும் ஆகும்.

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை இங்கு நினைக்கத் தக்கது. நிலத்தையும் நீரையும் ஒன்று சேர்த்தவரே உலகில் உடம்பையும் உயிரையும் படைத்தவர்; ஆகவே பள்ளமான இடங்களில் நீர்நிலை அமைப்பாயாக என்பது அப்புறப்பாட்டின் கருத்து. அறிவுரை மன்னனுக்குக் கூறப்பட்டது. அதை நிறைவேற்றியோர் இத்தகைய வறண்ட நாட்டினரே. இம்முறை சிதைந்த இடங்களில் நிலம் தரிசாயிற்று. பல இடங்களில் தைலமரக் காடுகள் எழுந்தன. அவை நிலத்தடி நீரையும் ஏரிகளின் வரத்தையும் பாதிக்கின்றன என்று உழவர் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர்.

கொளுஞ்சி

இத்தகைய பகுதியில், கீரனூரை அடுத்த ஓடுகம்பட்டியில், குடும்பம் அமைப்பின் சூழலியல் பண்ணை உருவாயிற்று. அதற்கு இடப்பட்ட பெயர் கொளுஞ்சி. பெயர்த் தேர்விலேயே ஒரு மண்ணியல் பாடம் உண்டு. கொளுஞ்சி, கொழிஞ்சி என்றெல்லாம் வழங்கும் செடி, விதைப்பார் எவருமின்றித் தரிசிலும் சாலையோரத்திலும் முளைப்பது. ஊதா நிறப் பூவும் சிறு காயும் உடையது. கால்நடைகள் அதனை விரும்பி மேய்வதில்லை. ஆதலால் ஆடு மாடு திரியும் ஊர்ப் புறம்போக்கிலும் அது பிழைத்து நிற்கும். பயறுவகைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். நெல் வயலுக்குக் கொளுஞ்சியை அறுத்துச் சென்று மிதித்துவிடும் வழக்கம் தமிழ்நாட்டு உழவரிடம் பழமையானது. வளமற்ற நிலத்தில் தானே முளைத்து வளம் சேர்க்கும் செடியின் பெயரை வளமற்ற நிலத்தில் தொடங்கிய பண்ணைக்கு இட்டது பொருத்தமே.

பண்ணையில் பின்பற்றப்பட்ட முறைகளுள் எதுவும் விந்தையானதன்று. முதல் வேலை ஓடும் நீரை நிறுத்துவது. அதற்கு வரப்பும் வாய்க்காலும் குட்டையும். இரண்டாவது வேலை மண்ணை மூடுவது. அதற்குத் தழையும் சருகும் உயிர்மூடாக்கும். மூன்றாவது வேலை மரம் வளர்ப்பது. மரத்தின் வேர், பயிரின் வேர் எட்டாத ஆழத்திலிருந்து சத்தை எடுத்து இலையாக்கி, உதிர்த்து, மேல்மண்ணில் சேர்க்கும். இவ்வரிசையில் ஒரு தருக்கம் உள்ளது. நீர் நில்லாத இடத்தில் எரு நில்லாது; எரு நில்லாத இடத்தில் பயிர் நில்லாது. வறண்ட செம்மண் நிலத்தில் உர மூட்டையை முதலிற் கொண்டு செல்வது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும் என்பதைக் கொளுஞ்சி கண்கூடாக்கியது. உழவர்களும் மாணவர்களும் வந்து தங்கிப் பயிலும் இடமாகவும் அப்பண்ணை வளர்ந்தது.

கோவில்பட்டியில் நம்மாழ்வார் விடை தேடிய வினாவிற்குக் கிடைத்த விடை இது எனலாம். அங்கு அவர் கேட்டது, மானாவாரி உழவன் பணமின்றித் தன் மண்ணை எவ்வாறு மேம்படுத்துவான் என்பது. இங்குத் தந்த விடை உழைப்பையும் காலத்தையும் முதலாகக் கேட்கிறது. பணத்தைக் குறைவாகவே கேட்கிறது.

ஒரே மாவட்டத்தில் இரு நெறிகள்

இம்மாவட்டத்திலேயே, ஆலங்குடி வட்டம் வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. உளுந்தையும் பாசிப்பயறையும் பெரிதும் அழிக்கும் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் இரகங்களை உருவாக்கியதில் இம்மையத்தின் பணி பெரிது. வம்பன் என்னும் ஊர்ப்பெயர், உளுந்து இரகங்களின் பெயராக மாநிலமெங்கும் உழவர் நாவில் வழங்குகிறது. வெள்ளை ஈக்களால் பரவும் அந்நோய்க்கு மருந்தடிப்பதைவிட, நோயைத் தாங்கும் விதையைக் கொடுப்பதே உழவனுக்குச் செலவு குறைந்த வழி. பயறுவகைகளோ மண்ணுக்குத் தழைச்சத்தை ஈபவை. இங்ஙனம் நோக்கினால், வம்பனின் உளுந்தும் ஓடுகம்பட்டியின் கொளுஞ்சியும் ஒரே தாவரக் குடும்பத்தின் உறவினர் மட்டுமல்லர். ஒரே நோக்கத்தின் உறவினருமாவர்.

ஆயினும் இவ்விரு நெறிகளிடையே உரையாடல் போதிய அளவு நிகழவில்லை. நம்மாழ்வார் பல்கலைக்கழக ஆய்வைக் கடுமையாகச் சாடினார். பல்கலைக்கழகத்தாரில் பலர் அவர் கூற்றுகளை அறிவியல் ஆகா என்று ஒதுக்கினர். 2014ஆம் ஆண்டில், இசைக் கல்வெட்டால் புகழ்பெற்ற குடுமியான்மலையில் அரசு வேளாண் கல்லூரி தொடங்கியது. இம்மாவட்டத்து இளைஞர் இம்மாவட்டத்திலேயே மண்ணைப் பயிலும் வாய்ப்பு அதனால் வந்தது. அக்கல்லூரிக்கும் கீரனூர்ப் பகுதிக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. நெறிகளுக்கிடையே உள்ள தொலைவே கடக்கவேண்டியது.

விதையும் உப்பும்

2003ஆம் ஆண்டில் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடைப்பயணம் மேற்கொண்டார். வழியில் உழவர் சிலர் தம்மிடம் எஞ்சியிருந்த பழைய நெல் விதைகளை அளித்தனர். அதனால் ஊக்கம் பெற்ற ஜெயராமன், திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாக்களைத் தொடங்கி, நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளை மீட்டுப் பரப்பினார். நெல் ஜெயராமன் என்றே பெயர் பெற்ற அவர் 2018ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் முதலிய பெயர்கள் மீண்டும் அங்காடிகளில் ஒலிப்பதற்கு இம்முயற்சி முதற்காரணம்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டக் கடலோர வயல்களில் உப்பைப் பரப்பிச் சென்றது. அந்நிலங்கள் மீளப் பல்லாண்டுகள் ஆகும் என்ற அச்சம் பரவியது. நம்மாழ்வாரும் அவர்தம் தோழர்களும் உழவருடன் சேர்ந்து மேற்கொண்ட வழி எளியது. படிந்த கடற்சேற்றை அகற்றி, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடியச் செய்வது; உப்பைத் தாங்கி வளரும் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது. தழை மட்கும்போது மண் பொலபொலப்படைந்து நீரை உள்வாங்கும், உப்பு கீழிறங்கும். மண்ணியல் நூல்கள் கூறும் முறையும் இதுவே. நூலிலுள்ளதை நிலத்திற்கு உரிய காலத்தில் கொண்டு சென்றதில்தான் அவர்தம் ஆய்வறிவு வெளிப்பட்டது.

2007ஆம் ஆண்டில் காந்திகிராமப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 2009ஆம் ஆண்டில் கரூர் மாவட்டம் கடவூரை அடுத்த சுருமான்பட்டியில் வானகம் என்னும் பண்ணையைத் தொடங்கினார். அதுவும் செழித்த நிலமன்று. மலைசூழ்ந்த வறண்ட நிலமே. காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று பேசிவந்த அவர், பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் 2013ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் தம் எழுபத்தைந்தாம் அகவையில் காலமானார். வானகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைவிற்குப் பின், 2017ஆம் ஆண்டில் ஐதரோகார்பன் திட்டத்திற்கு எதிராகப் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் எழுந்தது. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகை மாவட்டங்களுடன் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, கறம்பக்குடி முதலிய ஒன்றியங்களையும் தன்னுள் அடக்கியது.

மதிப்பீடு

நம்மாழ்வாரைப் போற்றுவது எளிது, புறக்கணிப்பதும் எளிது. மதிப்பிடுவதே அரிது. வேளாண் அறிவியலின் நோக்கில் அவர்மீது கூறத்தக்க குறை ஒன்று உண்டு. கோவில்பட்டியில் பாத்தி பிரித்து, அளந்து, ஒப்பிட்டுப் பழகிய அவர், பிற்காலத்தில் அளவுகளைவிட அனுபவத்தையும் உரையையுமே பெரிதும் நம்பினார். ஒரு பண்ணை செழித்தது என்பது உண்மை. எத்தனை ஆண்டில், எவ்வளவு உழைப்பில், எவ்வளவு விளைச்சலுடன் செழித்தது என்னும் கணக்கே அடுத்த ஊர் உழவனுக்கு வேண்டுவது. கோயம்புத்தூர் எருச் சோதனையின் ஆற்றல் அதன் ஏடுகளில் இருக்கிறது. மட்கின் பெருமையை ஐயமற நிறுவியவை அந்த ஏடுகளே என்பதையும் மறக்கலாகாது.

இலங்கையின் அண்மைக்கால வரலாறு இதற்கு மற்றொரு பாடம். 2021ஆம் ஆண்டில் அந்நாட்டரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. மாற்று எரு போதிய அளவில் இல்லை. மண்ணும் அதற்கு ஆயத்தமாக இல்லை. விளைச்சல் வீழ்ந்தது, உழவர் கொதித்தெழுந்தனர், சில திங்களில் தடை நீக்கப்பட்டது. மண்ணை மீட்பது ஆணையால் நிகழ்வதன்று. கொளுஞ்சிப் பண்ணை சொல்லும் செய்தியும் இதுவே: முதலில் நீர், பின் மூடாக்கு, பின் மரம், பின் பயிர், ஒவ்வொன்றுக்கும் உரிய காலம் வேண்டும். நம்மாழ்வாரின் கொள்கைக்கு இலங்கையின் தோல்வி எதிர்ச்சான்று என்று கூறுவோர், அவர் பண்ணைகள் உருவான முறையை நோக்குவது நன்று. அவர் பெயரால் உடனடி மாற்றத்தை வேண்டுவோரும் அதனையே நோக்குவது நன்று.

மறுபுறம், பசுமைப் புரட்சியின் முன்னோடியான எம்.எசு. சுவாமிநாதனே, 1968ஆம் ஆண்டு வாரணாசியில் நடந்த அறிவியல் மாநாட்டில், மண்வளம் பேணாமல் நிலத்தைச் சுரண்டும் வேளாண்மை பேரழிவில் முடியும் என்று எச்சரித்தார். நம்மாழ்வார் கோவில்பட்டியை விட்டு நீங்கியது அதற்கு மறு ஆண்டு. இருவரும் தஞ்சை மண்ணின் மைந்தர், வேளாண்மை பயின்றவர், ஒரே ஆபத்தைக் கண்டவர். ஒருவர் நிறுவனத்திற்குள் இருந்து திருத்த முயன்றார். மற்றவர் வெளியேறி மாற்று காட்ட முயன்றார். இருவரையும் எதிரெதிர் நிறுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நம்மாழ்வாரே அவரைக் கடுமையாகத் திறனாய்ந்தவர் என்பதும் உண்மை. எனினும் மண்ணின் பக்கம் நின்று பார்த்தால் இருவர் எச்சரிக்கையும் ஒன்றே.

அரசும் மெல்ல இத்திசைக்குத் திரும்பியுள்ளது. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. சிறந்த அங்கக உழவர்க்கு நம்மாழ்வார் பெயரால் விருதும் அறிவித்தது. 2024ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் என்னும் திட்டம் இடம்பெற்றது. உழவர்க்குப் பசுந்தாள் உர விதைகள் வழங்குவது அதன் முதன்மைக் கூறுகளுள் ஒன்று. 1969ஆம் ஆண்டில் ஓர் இளம் ஆய்வாளர் கூறியபோது செவிமடுக்கப்படாத கருத்து, ஐம்பத்தைந்து ஆண்டுகட்குப் பின் அரசின் திட்டமாக எழுதப்பட்டது. அவற்றின் இடையே எத்தனை வயல்களின் மேல்மண் ஓடிப்போயிற்று என்பதைக் கணக்கிட எவரும் பாத்தி பிரித்து வைக்கவில்லை.

புலவர் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் உழவரின் இன்னலை எடுத்துரைத்து நிலவரியை நீக்கச் செய்தார் என்று புறநானூறு அறிவிக்கிறது. அறிந்தவர் உழவருக்காகப் பேசுதல் தமிழ் மரபு. இலக்கியவாணரிடம் மட்டுமன்றி அறிவியலாளரிடமும் அம்மரபு தொடர வேண்டும் என்பதற்கு நம்மாழ்வாரின் வாழ்வு சான்று. அவர் தொடங்கியதை அளந்தும் எழுதியும் நிறைவு செய்யவேண்டிய கடமை, குடுமியான்மலையிலும் வம்பனிலும் பயிலும் இளைஞர்க்கு உரியது. ஓடுகம்பட்டிச் சாலையோரத்துக் கொளுஞ்சி அவர்கள் முதல் பாடமாகட்டும்.